கல்லேரியிலிருந்து வத்திக்கான்: கர்தினால் லூர்துசாமி என்ன செய்தார்?

கேள்வி இது: "கர்தினால் லூர்துசாமி நம்ம புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்காரர் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அவர் வகித்த பதவிகள் எல்லா இடத்திலும் எழுதிக் கிடக்கின்றன. அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து அவர் செய்தது என்ன? ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற சாதாரண ஆளுக்கு அதனால் ஏதாவது மாறியதா?"

மாறியது. ஆனால் அது புரிய வேண்டுமென்றால் அவரை ஒரு தேர்ந்த சட்டக்காரராகப் பார்க்க வேண்டும். உரோமையில் திருச்சபைச் சட்டம் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர் அவர். எதை, யாரிடம், எப்படி எழுதிக் கேட்டால் 'ஆகட்டும்' என்று பதில் வரும் என்பது அவருக்கு அத்துப்படி. வாழ்க்கையின் முதல் பாதியில் இந்தியத் திருச்சபைக்காக உரோமையிடம் கேட்டு வாங்கினார். இரண்டாம் பாதியில் உரோமையின் பக்கம் உட்கார்ந்து, கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொன்னார். முதலில் புரட்சிக்காரராக இருந்தவர் பிறகு வத்திக்கான் அதிகாரியாக மாறிவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைசி வரை அவர் ஒரே மாதிரிதான் இருந்தார் என்பது என் வாசிப்பு.

துரைசாமி சைமன் லூர்துசாமி 1924 பிப்ரவரி 5ஆம் தேதி செஞ்சிப் பக்கம் கல்லேரியில் பிறந்தார். அன்று அது தென்னார்க்காடு மாவட்டம், பிரிட்டிஷ் ஆட்சி. ஆனால் அந்த ஊர்க் கத்தோலிக்கர்களுக்குப் பேராயர் இருந்தது பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில். கலெக்டர் கடலூரில், பேராயர் புதுச்சேரியில், அது பிரிட்டிஷ் ஆட்சி, இது பிரெஞ்சு ஆட்சி. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்ட பிறகு இந்தப் பகுதி பாரீஸ் வெளிநாட்டு மறைப்பணி சபையின் கைக்கு வந்தது. 1886இல் புதுச்சேரி உயர்மறைமாவட்டமானபோது (பேராயர் ஒருவரின் ஆளுகைப் பகுதிதான் உயர்மறைமாவட்டம்) முதல் பேராயரான லவுவெனான் தொடங்கி காந்தி, மொரேல், கொலாஸ் என்று 1955 வரை அத்தனை பேராயர்களும் பிரெஞ்சுக்காரர்கள். (அந்த காந்தி ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயர். நம் காந்தியோடு சம்பந்தமில்லை. வருடா வருடம் யாராவது இதைக் கேட்பார்கள்.)

லூர்துசாமி கடலூர் புனித ஆக்னஸ் இளங்குருமடத்தில் சேர்ந்தார். அங்கிருந்து பெங்களூர் புனித பேதுரு குருமடம். அந்தக் குருமடமே முதலில் புதுச்சேரியில் இருந்ததுதான், 1934இல் பெங்களூருக்குப் போனது. நடுவில் சென்னை லயோலா கல்லூரி. 1951 டிசம்பர் 21இல் குருப்பட்டம். பங்குப் பணியில் கொஞ்ச காலம்தான் இருந்தார். உடனே உரோமைக்கு, ஊர்பான் பல்கலைக்கழகத்துக்கு மேல்படிப்புக்கு அனுப்பப்பட்டார்.

அவர் அங்கே இருந்த வருடங்களில் இங்கே எல்லாம் தலைகீழானது. 1953இல் உயர்மறைமாவட்டத்தின் பெயரில் கடலூர் சேர்ந்தது. 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. 1955இல் பேராயர் கொலாஸ் போய், அம்புரோஸ் ராயப்பன் முதல் தமிழ்ப் பேராயராக வந்தார். இந்த நேரத்தில்தான் லூர்துசாமி சட்டப் பட்டத்தோடு திரும்பிப் புதுச்சேரி பேராயர் இல்லத்தில் வேலைக்கு உட்கார்ந்தார். பேராயரின் செயலர், சான்சலர், கூடவே 'சர்வவியாபி' என்ற கத்தோலிக்க வார இதழின் பொறுப்பு. 1962 வரை இதுதான் வேலை.

சான்சலர் என்றால் ஏதோ அலங்காரப் பதவி என்று நினைத்துவிட வேண்டாம். மறைமாவட்டத்திலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு ஆணையும் அவர் கையெழுத்தையும் முத்திரையையும் தாண்டித்தான் போகும். அதில் பெரும்பகுதி கல்யாண விவகாரம். நம் பக்கத்தில் அத்தை மகள், மாமன் மகள் என்றால் முறைப்பெண். ஊரே அதைத்தான் எதிர்பார்க்கும். ஆனால் அன்று நடைமுறையில் இருந்த 1917ஆம் ஆண்டு சட்டத்தொகுப்பில் அது இரத்த உறவுத் தடை. கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் பங்குச்சாமியார் குடும்ப மரத்தை வரைந்து, யாருக்கு யார் எந்தத் தலைமுறையில் என்ன உறவு என்று கோடு போட்டு, காரணம் எழுதி, விலக்கு கேட்டு அனுப்ப வேண்டும். பேராயர் இல்லத்தில் அதைச் சரிபார்த்து விலக்கு கொடுப்பார்கள். அப்புறம்தான் கோயிலில் மூன்று ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்துக் கல்யாணம். தென்னார்க்காட்டுக் கிராமங்களிலிருந்து இப்படிப்பட்ட தாள்கள் வந்துகொண்டே இருக்கும்.

இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திருச்சபைச் சட்டம் என்றால் 'கூடாது' என்று சொல்கிற புத்தகம் என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். உள்ளே வேலை பார்க்கிறவர்களுக்கு அது 'எப்படிக் கேட்டால் ஆகும்' என்று சொல்கிற புத்தகம். தமிழ் வழக்கம் ஒரு பக்கம், உரோமைச் சட்டம் ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் ஒரு விண்ணப்பம். இந்த வேலையில் பழகிய கை பிறகு வேறு பெரிய விண்ணப்பம் ஒன்றையும் எழுதியது.

1962 ஜூலையில் அவரைப் பெங்களூர் உயர்மறைமாவட்டத்தின் துணை ஆயராக நியமித்தார்கள். வயது 38. அதே வருடம் அக்டோபரில், உலக ஆயர்கள் எல்லாம் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியது. 1964இல் வாரிசுரிமையுள்ள இணைப் பேராயர், 1968 ஜனவரியில் பேராயர் பொத்தகாமூரிக்குப் பிறகு பெங்களூர் பேராயர்.

சங்கம் 1963 டிசம்பர் 4இல் வெளியிட்ட முதல் ஆவணம் திருவழிபாடு பற்றியது. இலத்தீன் போய் மக்கள் மொழி வரலாம் என்று வழி திறந்தது அதுதான். அதன் 37 முதல் 40 வரையுள்ள எண்களில் இன்னொரு வாசலும் இருந்தது: மக்களின் பண்பாட்டுக்கு ஏற்பச் சடங்குகளில் மாற்றம் செய்யலாம், அதை அந்தந்த நாட்டு ஆயர்கள் திருத்தந்தையின் ஒப்புதலோடு செய்ய வேண்டும். நிறைய பேர் முதல் பாதியை வாசித்துக் கை தட்டினார்கள். லூர்துசாமி 'ஒப்புதலோடு' என்ற பாதியையும் சேர்த்து வாசித்தார்.

மொழி மாறியதும் பெங்களூரில் வேறொரு தலைவலி வந்தது. இலத்தீன் இருந்தவரை எல்லோருக்கும் ஒரே அளவு புரியாத மொழியில் பூசை நடந்தது, சண்டையில்லை. மக்கள் மொழி என்று வந்ததும் யாருடைய மொழி? தமிழா, கன்னடமா, ஆங்கிலமா, கொங்கணியா? ராணுவக் குடியிருப்புப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கத்தோலிக்கர்கள், மாநில மொழியோ கன்னடம், பேராயரோ தமிழர். அந்தத் தகராறு அவர் காலத்தோடு முடியவில்லை.

1967இல் இந்திய ஆயர் பேரவை பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுவத்தைத் தொடங்கியது. அதன் இயக்குநர் அமலோர்பவதாஸ். லூர்துசாமியின் சொந்தத் தம்பி, எட்டு வயது இளையவர், அவரும் கல்லேரிதான், அவரும் புதுச்சேரி உயர்மறைமாவட்டக் குருதான். அண்ணன் ஆயர் பேரவையின் திருவழிபாட்டு ஆணைக்குழுத் தலைவர், தம்பி நடுவத்தின் இயக்குநர். இதில் குடும்ப வாடை அடிக்கிறது என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை, அன்றும் அப்படிப் பேச்சு இருந்திருக்கும். ஆனால் இருவரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் இல்லை. தம்பி யோசிப்பவர், பேசுபவர், வேகமானவர். புதிதாக ஒன்றை நினைத்தால் உடனே செய்து பார்க்க வேண்டும் அவருக்கு. அண்ணன் அதைத் தாளில் கொண்டுவந்து யாரும் தட்ட முடியாதபடி கட்டிக் கொடுப்பவர். தம்பி தனியாக இருந்திருந்தால் அது ஒரு ஆசிரமத்துக்குள்ளேயே நின்றுபோன பரிசோதனையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இருவரும் சேர்ந்து செய்ததுதான் 1969ஆம் ஆண்டின் 'பன்னிரண்டு அம்சங்கள்'. ஆயர்களின் ஒப்புதலைப் பெற்று, 1969 ஏப்ரல் 15ஆம் தேதி லூர்துசாமி உரோமைக்கு விண்ணப்பம் அனுப்பினார். ஏப்ரல் 25ஆம் தேதியே அனுமதி வந்துவிட்டது. பத்து நாள்! வத்திக்கானில் எதற்கும் பத்து நாளில் பதில் வராது. தாலுகா ஆபீசில் மனு எழுதத் தெரிந்தவர் எழுதினால் ஒரே நடையில் வேலை முடிவது போலத்தான் இதுவும். திருப்பலியின் (பூசையின்) மையமான வாசகங்களில் அந்த விண்ணப்பம் கையே வைக்கவில்லை. உடல் அசைவு, பாத்திரம், உடை, விளக்கு, தூபம் இவற்றை மட்டும் தொட்டது. இறையியல் பரிசோதனை தேவைப்படும் ஒரு வரிகூட அதில் இல்லை. எந்த மறைமாவட்டத்தில் எவ்வளவு நடைமுறைப்படுத்துவது என்பதையும் அந்தந்த இடத்து முடிவுக்கு விட்டது.

நேரில் பார்த்தால் அந்தப் பன்னிரண்டு அம்சங்கள் எப்படி இருக்கும்? குரு பீடத்தின் முன் ஒரு முழந்தாளை மடக்குவதற்குப் பதில் கைகூப்பிக் குனிகிறார். பீடத்தை முத்தமிடுவதற்குப் பதில் விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். நாம் புத்தகம் காலில் பட்டால் செய்வோமே, அதே அசைவு. சமாதானம் பகிரும்போது பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கை கூப்புகிறோம். மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு. சங்கிலியில் ஆட்டும் தூபக் கலசத்துக்குப் பதில் கைப்பிடி வைத்த சாம்பிராணிக் கிண்ணம். காணிக்கையின்போதும், நற்கருணை மன்றாட்டின் (பூசையின் மைய ஜெபம்) முடிவிலும் பூ, தூபம், தீபம் என்று ஆரத்தி. செருப்பைக் கழற்றித் தரையில் சம்மணமிட்டு உட்காரலாம். அங்கியின் மேல் சால்வை. திருவிழாத் திருப்பலியிலோ குருத்துவ வெள்ளிவிழாவிலோ பட்டுப் பாவாடை கட்டிய பெண் பிள்ளைகள் தாம்பாளத்தில் பூவும் கிண்ண நெருப்புமாகப் பீடத்துக்கு முன் வந்து நின்று மூன்று சுற்று சுற்றுவதைப் புதுச்சேரியிலோ கடலூரிலோ பார்க்காத கத்தோலிக்கர் இருக்க முடியாது. 'இது ஏதோ நம்ம பழைய வழக்கம்' என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பூசைக்குள் அது வந்தது 1969க்குப் பிறகு, ஒரு கடிதத்தின் மூலம். உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு இதுதான் நேரடியான பதில்.

எதிர்ப்பும் உடனே கிளம்பியது. ஒரு பக்கம் பொதுநிலையினரில் ஒரு சாரார், முக்கியமாகச் சென்னையில், "கோயிலை இந்துக் கோயிலாக்குகிறார்கள்" என்று கொதித்தார்கள். பெங்களூர் நடுவத்தின் சிற்றாலயத்தைக் கோயில் பாணியில் கட்டியது அவர்களை இன்னும் கொதிக்க வைத்தது.

இன்னொரு விமர்சனம் பின்னால் தலித் இறையியலாளர்களிடமிருந்து வந்தது, என் கணக்கில் அதுதான் கனமானது. 'இந்தியப் பண்பாடு' என்று நீங்கள் எடுத்துக்கொண்டது எந்த இந்தியரின் பண்பாடு? அஞ்சலி, பஞ்சாங்க பிரணாமம் (தரையில் விழுந்து வணங்குவது), ஆரத்தி, சமஸ்கிருதச் சுலோகம், ஆசிரமம். இவை எல்லாம் எங்களை உள்ளே விடாத கோயில்களின் பண்பாடு அல்லவா என்று கேட்டார்கள். பறை எங்கே என்றார்கள். இந்தக் கேள்வி நம் ஊரில் காற்றில் பேசுவதில்லை. 1745இலேயே புதுச்சேரியில் கோயிலுக்குள் சாதி பிரித்து நின்ற சுவரைப் பற்றிய தகராறு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது. 2008 மார்ச்சில் இதே உயர்மறைமாவட்டத்தின் எறையூரில் கிறித்தவர்களுக்குள்ளேயே நடந்த சாதி மோதலைத் தொடர்ந்து போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். 2022இல் புதிய பேராயராக பிரான்சிஸ் கலிஸ்ட் நியமிக்கப்பட்டபோதும், தலித் ஒருவரைப் பேராயராக்க வேண்டும் என்ற கோரிக்கை தெருவில் போராட்டமாக நின்றது. கல்லேரிச் சகோதரர்கள் கிறித்தவம் அந்நியமாகத் தெரிகிறது என்பதைப் பிரச்சினையாகப் பார்த்தார்கள், சரிதான். கோயிலுக்குள் ஒரு கிறித்தவனுக்கு இன்னொரு கிறித்தவன் அந்நியனாக இருப்பதைப் பன்னிரண்டு அம்சங்களில் ஒன்றுகூடத் தொடவில்லை.

மூன்றாவதாக ஒன்றை நானே சேர்க்கிறேன். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கம் 1969 வரை யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்கு ஈஸ்டருக்குப் பிறகு வரும் திருவிழாவில் போய்ப் பாருங்கள். கொடியேற்றம், தேர், கோயிலுக்கு முன்னால் குளம், மொட்டை, பூமாலை, நேர்ச்சை, பக்கத்து ஊர் இந்துக்கள் கூட்டம். இதற்கெல்லாம் எந்த ஆணைக்குழுவும் அறிக்கை எழுதவில்லை. பூசைக்கு வெளியே ஜனங்கள் தாங்களே செய்து முடித்துவிட்டார்கள். சாமியார்கள் சிலநேரம் தடுத்தார்கள், சிலநேரம் கண்ணை மூடிக்கொண்டார்கள். பூசைக்கு உள்ளே மட்டும் ஐரோப்பா அப்படியே இருந்தது, லூர்துசாமி திறந்தது அந்த உள் கதவை. கிராமத்து ஆளுக்குத் தரையில் உட்கார உரோமை அனுமதி கொடுத்தது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும், அவர் பெஞ்சில் உட்கார்ந்ததே கிடையாது.

1971 மார்ச்சில் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை உரோமைக்கு அழைத்தார், மக்களின் நற்செய்தி அறிவிப்புப் பேராயத்தில் (பேராயம் என்றால் வத்திக்கானின் ஒரு துறை) இணைச் செயலராக. பெங்களூர் பேராயர் பதவியில் அவர் இருந்தது மூன்று வருடம் சொச்சம்தான். 1973இல் அந்தப் பேராயத்தின் செயலரானார், 1985 வரை அங்கேயே. மேலே தலைவராக பெரும்பாலும் பிரேசில்காரரான கர்தினால் ஆன்யெலோ ரோசி.

அந்தப் பேராயம் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஓசியானியாவிலும் உள்ள மறைபரப்பு நாடுகளின் மறைமாவட்டங்களைக் கவனிப்பது. புதிய மறைமாவட்டம் பிரிப்பது, ஆயர் நியமனத்துக்குப் பெயர் தேர்ந்து அனுப்புவது, குருமடங்களுக்குப் பணம் ஒதுக்குவது என்று எல்லாம் அங்கே. 1970கள் என்பது வெள்ளைக்கார ஆயர்கள் விலகி உள்ளூர்க்காரர்கள் வரும் காலம். புதுச்சேரியில் கொலாஸ் போய் அம்புரோஸ் ராயப்பன் வந்ததைக் கண்முன் பார்த்த ஒருவர், அதே மாற்றம் உலகம் முழுக்க நடக்கும்போது கோப்புகளுக்கு நடுவில் இருந்தார். இந்தப் பன்னிரண்டு வருடங்களைப் பற்றி மக்களிடம் கதை எதுவும் இல்லை. செயலர் வேலை அப்படித்தான், செய்ததெல்லாம் வேறொருவர் கையெழுத்தில் வெளியே போகும்.

இதற்கிடையில் இந்தியாவில் தம்பி அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். இந்தியாவுக்கென்று தனி நற்கருணை மன்றாட்டு, வழிபாட்டில் விவிலியத்தோடு கூட இந்திய மறைநூல்களிலிருந்தும் வாசகம் என்று நடுவம் முயன்று பார்த்தது. 1975 ஜூன் 14இல் திருவழிபாட்டுக்குப் பொறுப்பான கர்தினால் நாக்ஸ் கடிதம் எழுதி இரண்டையும் நிறுத்தச் சொன்னார். 1969இல் பத்து நாளில் கிடைத்தது 1975இல் ஏன் கிடைக்கவில்லை? காலம் மாறியது ஒரு காரணம். இந்த முறை அது திருப்பலியின் மைய வாசகத்தையே தொட்டது இன்னொரு காரணம். கேட்பதற்கு முன்பே செய்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பதும் ஒன்று. அண்ணன் பெங்களூரில் இருந்திருந்தால் அந்தத் தாள் வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் ஊகம்.

1985 மே 25இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரைக் கர்தினாலாக்கினார். முதல் தமிழ்க் கர்தினால். அதே வருடம் அக்டோபர் 30இல் கீழைத் திருச்சபைகளுக்கான பேராயத்தின் தலைவர். வத்திக்கானில் ஒரு பேராயத்துக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் அவர்தான். அடுத்தவரான இவான் டயஸுக்கு அப்படியொரு இடம் 2006இல்தான் கிடைத்தது.

இது சாதாரண நாற்காலி இல்லை. உரோமையோடு ஒன்றித்திருந்தும் தங்களுக்கென்று தனி வழிபாடு, தனிச் சட்டம், தனி மரபு வைத்திருக்கிற கிழக்கத்தியத் திருச்சபைகள் எல்லாம் இதன் கீழ் வரும். உக்ரைன் கிரேக்கக் கத்தோலிக்கர், லெபனான் மாரோனியர், ஈராக் கல்தேயர், நம் கேரளத்தின் சீரோ மலபார், சீரோ மலங்கரா. அவர் அங்கே இருந்த காலத்தைப் பாருங்கள். லெபனானில் உள்நாட்டுப் போர். 1946 முதல் தலைமறைவாக இருந்த உக்ரைன் திருச்சபை 1989 டிசம்பரில் வெளியே வந்தது. 1990இல் ருமேனியாவிலும் அப்படியே. 1990 அக்டோபர் 18இல் கீழைத் திருச்சபைகளுக்கென்று தனிச் சட்டத்தொகுப்பு, 1546 சட்ட எண்களோடு வெளியானது. அதை எழுதியது தனி ஆணைக்குழு என்றாலும், அந்தச் சமயத்தில் பேராயத்தின் தலைமையில் ஒரு சட்டக்காரர் இருந்தது பொருத்தம்.

ஆனால் இந்தியாவில் அவரைப் பற்றிப் பேச்சு எழுந்தது கேரள விவகாரத்தில். சீரோ மலபார் திருச்சபைக்குள் இரண்டு கட்சி. கர்தினால் பாரேக்காட்டில் வழி வந்தவர்கள், குர்பானாவை (அவர்களின் பூசையை) இந்தியப் பண்பாட்டுக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்றார்கள், அதாவது பெங்களூர் நடுவம் சொன்னதையேதான். மற்றவர்கள், முதலில் நம் பழைய கல்தேய (கிழக்குச் சிரிய) மரபை மீட்போம், இலத்தீன்காரர்கள் (உரோமை வழிபாட்டுமுறையினர்) திணித்ததை எடுப்போம் என்றார்கள். உரோமையின் நிலைப்பாடு இரண்டாவது: முதலில் மீட்பு, பிறகு மாற்றம். 1986 பிப்ரவரி 8இல் கோட்டயத்தில் திருத்தந்தையே வந்து மீட்கப்பட்ட குர்பானாவைத் தொடங்கிவைத்தார். அதற்கான விதிமுறைகள் 1988இல் லூர்துசாமியின் பேராயத்திலிருந்து போயின. பன்னிரண்டு அம்சங்களைக் கேட்டு வாங்கியவரே இப்போது மலையாளிகளிடம் 'பொறு, பழையதை முதலில் சரியாகச் செய்' என்றால் கோபம் வராமல் இருக்குமா? போதாக்குறைக்கு அவர் இலத்தீன் வழிபாட்டுமுறைக்காரர், அதுவும் தமிழர்.

நான் முதலில் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். 1969இலும் அவர் தனக்குப் பிடித்த மாற்றத்தைத் தானாகச் செய்யவில்லை, சட்டம் திறந்து வைத்த கதவு வழியே மட்டும் போனார். 1988இலும் அதே மனிதர், அதே கதவு, இந்த முறை அதன் மறுபக்கம். அது சரியான முடிவா என்று கேட்டால், முழுக்கச் சரியென்று சொல்ல மாட்டேன். சட்டப்படி வந்த விதி மனதுக்குள் இறங்காவிட்டால் என்னாகும் என்பதை, குரு பீடத்தைப் பார்த்து நிற்பதா ஜனங்களைப் பார்த்து நிற்பதா என்று எர்ணாகுளத்தில் 2021க்குப் பிறகும் நடந்த சண்டை காட்டுகிறது.

அவர் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. கேரளத்துக்கு வெளியே குடியேறிய சீரோ மலபார் மக்கள் அதுவரை அங்கங்கே இருந்த இலத்தீன் ஆயர்களின் கீழ் இருந்தார்கள். இலத்தீன் ஆயர்கள் பலருக்கு அது மாறுவதில் விருப்பமில்லை. 1987இல் திருத்தந்தை இந்திய ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தைத் தொடர்ந்து, 1988 ஏப்ரல் 30இல் மும்பைப் பகுதி சீரோ மலபார் மக்களுக்காகக் கல்யாண் மறைமாவட்டம் உருவானது. இலத்தீன் பக்கத்திலிருந்து போன ஒருவர் தலைமையில் இருந்தபோதே கீழைத் திருச்சபைக்கு இந்த உரிமை கிடைத்தது. அவரைக் குறை சொல்பவர்கள் இதை வசதியாக மறந்துவிடுவார்கள்.

தம்பி 1982இல் நடுவத்தை விட்டு மைசூருக்குப் போய், தான் தொடங்கியிருந்த அஞ்சலி ஆசிரமத்தில் இருந்தார். 1990 மே 25இல் சாலை விபத்தில் இறந்தார். அண்ணன் கர்தினாலாகி அன்றோடு சரியாக ஐந்து வருடம். அடுத்த வருடம், 1991 மே மாதம், லூர்துசாமி பேராயத் தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார். அப்போது வயது 67தான். வழக்கமாக 75 வரை இருப்பார்கள்.

கர்தினால் என்றதும் எல்லோரும் கேட்பது, "போப்பைத் தேர்ந்தெடுத்தாரா?" என்பது. இல்லை. 1985இல் அவர் கர்தினாலானார். அடுத்த தேர்தல் நடந்தது 2005 ஏப்ரலில். 80 வயது தாண்டிய கர்தினால்களுக்கு வாக்கு கிடையாது, அவருக்கு 2004 பிப்ரவரியிலேயே 80 முடிந்துவிட்டது. ஒரு வருட வித்தியாசத்தில் போனது. 1993 முதல் 1996 ஜனவரி வரை அவர் மூத்த திருத்தொண்டர் கர்தினாலாகவும் இருந்தார். புதிய திருத்தந்தையின் பெயரைப் பேதுரு பேராலய மாடத்தில் நின்று 'ஹபேமுஸ் பாபாம்' என்று உலகத்துக்கு அறிவிக்கிற உரிமை அந்த இடத்தில் இருப்பவருக்குத்தான். அந்த மூன்று வருடத்தில் தேர்தல் வரவில்லை. வந்திருந்தால் நம்ம கல்லேரிக்காரர் குரலை உலகமே கேட்டிருக்கும். 2014 ஜூன் 2இல் உரோமையில் இறந்தார், வயது 90.

அவர் வேலையை நேரில் பார்க்க வேண்டுமென்றால் பெங்களூர் போகும்போது ஹட்சின்ஸ் சாலையில் உள்ள அந்த நடுவத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். உள்ளே போகும்போது செருப்பை வெளியே விட வேண்டும். இங்கேயே பார்க்க வேண்டுமென்றால், அடுத்த பெரிய திருவிழாப் பூசையில் குரு பீடத்தை முத்தமிடுகிறாரா, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். இரண்டையும் பார்க்கலாம், அது அந்தந்தச் சாமியாரைப் பொறுத்தது.